குளிசையும் குழந்தைச் செல்வமும்



குழந்தை பிறவாத வீட்டிலே முதன்முதல் கேள்விக்கு ஆளாகின்றவள் பெண். நேர்த்திக்கடனும் அவளுக்கு, கசாயமும் அவளுக்கு, அயலவரின் ஏச்சும் அவளுக்கே. கணவன் தன் மூட்டுவாதத்திற்கென நாள்தோறும் விழுங்கும் குளிசையை யாரும் ஐயுறுவதில்லை. அக்குளிசையை ஐயுறுவதற்கு வைத்திய உலகம் எவ்வாறு கற்றுக்கொண்டது என்பதையே இன்று கூற விரும்புகின்றேன்.

மூட்டு நோய்க்கும் ஆண்மைக்கும் தொடர்புண்டு என்னும் எண்ணம் மிகப் பழையது. கிரேக்க வைத்தியர் ஹிப்பொக்கிறற்றீசின் பெயரால் வழங்கும் சூத்திரங்களில், விதை நீக்கப்பட்டோருக்குக் கால் பெருவிரலைத் தாக்கும் 'கவுற்' என்னும் வாதம் வருவதில்லை என்றும், மாதவிலக்கு நிற்கும்வரை பெண்களை அது அணுகுவதில்லை என்றும் கூறப்பட்டுள்ளது. இது வெறுங் கற்பனையன்று. பருவமெய்திய ஆணின் குருதியில் யூரிக் அமிலம் உயர்ந்து நிற்பதையும், பெண்ணிடத்தில் அது மாதவிலக்கு நின்ற பின்னரே உயர்வதையும் இன்று நாம் அறிவோம். ஆயின் பழைய வைத்தியர்கள் ஆண்மையிலிருந்து மூட்டை நோக்கினார்களேயன்றி, மூட்டுக்குக் கொடுக்கும் மருந்திலிருந்து தந்தையாகும் தகுதியை நோக்கினார்களல்லர். அந்தத் திசையிற் பார்வை திரும்புவதற்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரவேண்டியிருந்தது.

கதை சுவீடன் நாட்டிலே தொடங்குகின்றது. நன்னா ஸ்வார்ற்ஸ் என்னும் அம்மையார் 1890ஆம் ஆண்டிற் பிறந்தவர். 1937இல் ஸ்ரொக்ஹோமிலுள்ள கரோலின்ஸ்கா நிறுவகத்திலே மருத்துவப் பேராசிரியையானவர். பெண்ணொருத்தி அப்பதவியை வகிப்பது அந்நாட்டிற்கே அன்று புதுமை. மூட்டுவாதத்திற்குக் கிருமிகளே காரணமாகலாம் என்பது அக்காலத்துக் கொள்கை. ஆகவே கிருமியை ஒடுக்கும் சல்பாபிரிடீன் என்னும் பொருளையும், அழற்சியைத் தணிக்கும் சலிசிலிக் அமில இனத்துப் பொருளொன்றையும் ஒரே மூலக்கூறாக இணைத்தால் என்ன என்று அவர் எண்ணினார். அவ்வாறு பிறந்ததே சல்பாசலசீன். 1942இல் அம்மருந்தைப்பற்றி அவர் எழுதினார்.

ஆனால் மருந்தின் தலைவிதி வேறாயிற்று. 1940களின் இறுதியிலே பிரித்தானியாவில் நடந்த சோதனையொன்று, மூட்டுவாதத்திற்கு இதனாற் பெரும் பயனில்லை என்று கூறிவிட்டது. மூட்டு வைத்தியர்கள் அதைக் கைவிட்டார்கள். பெருங்குடற் புண்ணுக்கு வைத்தியஞ் செய்தவர்களோ விடாது பற்றிக்கொண்டார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின்னரே, பேர்மிங்ஹாம் நகரத்து வைத்தியர் மக்கொங்கியும் அவருடைய தோழர்களும் அதனை மீண்டும் மூட்டுவாதக்காரருக்குக் கொடுத்துப் பார்த்து நற்பயன் கண்டார்கள். அவர்களுடைய கட்டுரைகள் 1978ஆம் ஆண்டிலும் 1980ஆம் ஆண்டிலும் வெளிவந்தன.

இவ்விரு ஆண்டுகளுக்கும் நடுவே, 1979இல், 'லான்செற்' என்னும் வைத்திய சஞ்சிகையில் லெவி முதலிய ஆங்கில வைத்தியர்கள் ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டனர். சல்பாசலசீன் உண்ட ஆண்கள் சிலரின் விந்தணுக்கள் எண்ணிக்கையிற் குறைந்தும், நீந்தும் வலுவிழந்தும், உருத்திரிந்தும் காணப்பட்டன என்பதே அதன் செய்தி. மருந்தை நிறுத்தி இரண்டு மூன்று மாதங்கள் சென்றதும் குறை நீங்கிற்று. மனித உடலில் ஒரு விந்தணு உருவாகி முடிய எழுபது நாட்களுக்கு மேலாகும் என்பதை எண்ணினால் இக்கால அளவு வியப்பானதன்று.

1942 எங்கே, 1979 எங்கே! இடையில் உள்ளவை முப்பத்தேழு ஆண்டுகள். இத்தாமதத்திற்கு ஒரு காரணம் உண்டு. இம்மருந்தால் ஆணுக்குப் பொதுவாக இச்சை குன்றுவதில்லை. இல்லறமும் வழமைபோல் நடக்கும். குறையோ நுணுக்குக்காட்டியின் கீழேதான் தெரியும். மற்றைய காரணம், ஆணிடம் கேட்கவேண்டும் என்ற எண்ணமே எழாமை. அவ்வாண்டுகளிலே பெண்கள் எத்தனைபேர் தங்கள்மீது இல்லாத குற்றத்திற்காகச் சோதனை மேசையிற் படுத்திருப்பர் என நினைக்கையில் மனம் வருந்துகின்றது.

இதிலே ஒரு சிக்கலும் உண்டு. விந்தணுவைக் கெடுப்பது இம்மருந்தின் சல்பாபிரிடீன் பகுதியே. குடல் நோயாளிக்கு நன்மை செய்வது மற்றைய பகுதி; ஆதலின் அவன் அப்பகுதியை மட்டும் தனி மருந்தாக உண்டு தப்பிக்கொள்ளலாம். மூட்டுவாதக்காரனுக்கு அந்த வழி இல்லை. மூட்டுக்கு நன்மை தருவதும் அதே சல்பாபிரிடீன்தான் என்று 1985இல் கிளாஸ்கோ வைத்தியர்கள் காட்டினர். விரல்களை மடக்க உதவும் பொருளே தொட்டிலை வெறுமையாக்குகின்றது.

சல்பாசலசீனின் கேடாவது மீளக்கூடியது. சைக்கிளோபொஸ்பமைட் என்னும் மருந்தின் கதை அத்தன்மையதன்று. போரின் நச்சுப்பொருளாகிய கடுகுவாயுவின் இனத்திலிருந்து பிறந்து, 1958இல் ஜேர்மனியிலிருந்து வெளிவந்த இம்மருந்து புற்றுநோய்க்கு மட்டுமன்றி, 'லூபஸ்' நோயினாற் சிறுநீரகம் கெடும்போதும், குருதிக்குழாய்கள் அழலும்போதும் உயிர்காக்கக் கொடுக்கப்படுகின்றது. இதை உண்ட ஆண்களின் விதைகள் சுருங்கி விந்தணுவற்றுப் போனமையை மெல்பேண் வைத்தியர்கள் 1972இல் அறிவித்தனர். உண்ட மொத்த அளவு கூடக்கூட இக்கேடு நிலைத்துவிடும் அபாயமும் கூடும். விந்தை உறையவைத்துப் பேணும் முறையோ அதற்கு முன்னரே இருந்தது. உறைந்த விந்தினாற் கருத்தரிப்பு நிகழ்ந்ததை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பங்கே, ஷேர்மன் என்னும் இருவர் 1953இலேயே வெளியிட்டிருந்தனர். குழந்தை வேண்டும் இளைஞனுக்கு முதல் ஊசிக்குமுன் இதனை எடுத்துச்சொல்லச் சில நிமிடங்களே போதும்.

அறியாமை ஒருபுறமாக, அச்சமும் தீங்கு செய்ததுண்டு. மெதொற்றெக்சேற் உண்ணும் ஆண்கள் குழந்தை வேண்டின் மூன்று மாதங்களுக்கு முன்பே அதனை நிறுத்தவேண்டும் என்று நெடுங்காலம் கூறப்பட்டது. பெண்ணின் கருவுக்கு அம்மருந்து கொடியது என்பது உண்மை. அந்த எச்சரிக்கையே ஆணுக்கும் நீட்டப்பட்டது. அவ்வாறு நிறுத்தியவனின் மூட்டுக்கள் மீண்டும் வீங்கினால், வலியோடு மனைவியை அணுகுவது எங்ஙனம்? தந்தையர் அதனை உண்டபோது பிறந்த குழந்தைகளைப் பின்னர் ஆராய்ந்தவர்கள், அக்குழந்தைகளிடத்துப் பிறவிக் குறைகள் மிகுந்திருக்கக் காணவில்லை.

2020ஆம் ஆண்டில் அமெரிக்க வாதநோயியற் கல்லூரி இவ்விடயத்திலே ஆண்களுக்கும் வழிகாட்டியொன்றை வெளியிட்டது. அதன்படி மெதொற்றெக்சேற்றைத் தொடரலாம். சைக்கிளோபொஸ்பமைட்டைக் கருத்தரிப்புக்குப் பன்னிரண்டு வாரம் முன்னரேனும் நிறுத்தவேண்டும். குழந்தை விரும்புவோர் அதனைத் தொடங்குமுன் விந்தைப் பேணிவைத்தல் நன்று. சல்பாசலசீனையும் எடுத்தவுடன் நிறுத்தவேண்டியதில்லை. கருத்தரிப்புத் தாமதமானால் ஆணின் விந்தைச் சோதித்துப் பார்க்கவேண்டும். அச்சோதனைக்கு வேண்டியவை ஒரு சிறு கிண்ணமும் ஒரு நுணுக்குக்காட்டியுமே. இரண்டும் 1942இலும் இருந்தன.