மனித உறுப்பு மண்டலங்கள்: ஏர்பேடு வட்டாரத்தில் முதுநிலைக் கல்வி

ரேணிகுண்டாவுக்கும் ஸ்ரீகாளஹஸ்திக்கும் இடையிலுள்ள ஏர்பேடு, சித்தூர் மாவட்டத்திலிருந்து 2022 ஏப்ரலில் பிரிந்த திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. 2015இல் தொடங்கப்பட்ட ஐஐடி, ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) ஆகிய இரண்டின் வளாகங்களும் இங்குள்ளன. ஐசரில் உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யலாம். நோயாளியின் அருகிருந்து கற்க விரும்புவோர் திருப்பதியின் ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரியையோ ஸ்விம்ஸ் மருத்துவப் பல்கலைக்கழகத்தையோ நாடுகின்றனர். எம்.பி.பி.எஸ். முடித்தவர்க்கு உடலியங்கியல் எம்.டி. மூன்றாண்டுப் படிப்பு.

உறுப்புகளைத் தனித்தனியே மனப்பாடம் செய்வது போதாது. அவற்றின் தொடர்புகளே இப்படிப்பின் உயிர். ஓய்வில் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை அனுப்புகிறது. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. அவை நாளொன்றுக்கு வடிகட்டும் சுமார் 180 லிட்டர் நீரில் 99 விழுக்காடு ரத்தத்துக்கே திரும்புகிறது. ரத்த அழுத்தம் சரிந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கும். அது கல்லீரல் தந்த புரதத்தை உடைக்க, உடைந்த துண்டை நுரையீரலின் நொதி ஆஞ்சியோடென்சின்-2 ஆக்குகிறது. இதனால் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அட்ரினல் சுரப்பி உப்பைத் தக்கவைக்கும் ஹார்மோனை வெளியிடுகிறது. பரவலாக எழுதித் தரப்படும் ரத்த அழுத்த மாத்திரைகள் பல இச்சங்கிலியின் ஏதோவொரு கண்ணியைத்தான் தடுக்கின்றன. மருத்துவர் மட்டுமல்ல, செவிலியரும் மருந்தாளுநரும் டயாலிசிஸ் பிரிவில் பணிபுரிவோரும் இதை ஆழமாக அறிந்திருக்க வேண்டும்.