சென்னைக் குடிசைப் பகுதி வீட்டுவசதியின் நிதி வரலாறு

சென்னையில் ஏழைகளுக்கான வீடு எங்கே அமைகிறது என்பதை, அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதே பெரிதும் முடிவு செய்திருக்கிறது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் நகர மேம்பாட்டு அறக்கட்டளை இப்பணியை மேற்கொண்டது. 1961-இல் அது வீட்டுவசதி வாரியத்துக்கு மாறியது. அன்று நிதியும் சிறிது, கட்டப்பட்ட வீடுகளும் சில.

1970-இல் மு. கருணாநிதி அரசு தமிழ்நாடு குடிசை மாற்று வாரியத்தை அமைத்தது. ஏழே ஆண்டுகளில் குடிசைகளே இல்லாத நகரம் என்பது இலக்கு. அதே ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய ஹட்கோ நிறுவனத்தின் கடனும் மாநில அரசின் மானியமும் கைகொடுக்க, மக்கள் வாழ்ந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. கடற்கரையோர மீனவர் குப்பங்களிலும் அவை வந்தன. கடலை விட்டுப் பிரிக்காமல் வீடு கொடுத்தது இக்கட்டத்தின் பெரும் சிறப்பு. ஆனால் வாடகையும் தவணையும் சரிவர வசூலாகவில்லை. ஏழாண்டு இலக்கும் எட்டவில்லை.

1977-இல் உலக வங்கி வந்ததும் கணக்கே மாறியது. சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் அதன் கடனில் நடந்தது. 1980-இல் இரண்டாம் கட்டம் தொடங்கியது. போட்ட பணம் திரும்பி வர வேண்டும் என்பது வங்கியின் நிபந்தனை. எனவே மாடி வீடு கட்டித் தருவதற்குப் பதிலாக, குடிசைப் பகுதிகளுக்குக் குடிநீர், கழிப்பிடம், தெருவிளக்கு கொடுத்து, நிலத்தைத் தவணையில் பட்டாவாக்கினார்கள். அரும்பாக்கம், கொடுங்கையூர், வில்லிவாக்கம், முகப்பேர் ஆகிய இடங்களில் புதிய மனைகளும் பிரிக்கப்பட்டன. பெரிய மனைகளையும் வணிக மனைகளையும் நல்ல விலைக்கு விற்று, அந்த லாபத்தில் சிறு மனைகளின் விலையைக் குறைத்தது இத்திட்டத்தின் நுட்பம். தொடக்கத்தில் ஆளில்லாமல் கிடந்த இம்மனைகள் இன்று நகரின் உயிர்ப்புள்ள பேட்டைகள். ஏழைக்கு மனையும் உரிமையும் கிடைத்தால் வீட்டை அவரே வளர்த்துக்கொள்வார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆயினும் 1990-களில் இவ்வழி கைவிடப்பட்டது.

அதன்பின் வந்த பெரும் நிதி ஆயிரக்கணக்கான வீடுகளை ஒரே இடத்தில் கேட்டது. அவ்வளவு நிலம் நகருக்கு வெளியேதான் கிடைத்தது. 2000 முதல் கண்ணகி நகரிலும், பின்னர் செம்மஞ்சேரியிலும் ஆற்றங்கரை, கால்வாய்க்கரை மக்கள் குடியேற்றப்பட்டார்கள். 2005-இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தில் மத்திய அரசு பாதிச் செலவை ஏற்க, பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைக் குடும்பங்கள் பல அங்கே அனுப்பப்பட்டன. வேலையும் பள்ளியும் நகருக்குள்ளேயே இருந்தன. வீட்டின் விலையில் சேராத அந்தப் பயணச் செலவை மக்களே சுமந்தார்கள்.

2015-இல் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் வாரியத்தின் அடுக்குமாடி வீடொன்றுக்கு மத்திய அரசு ஒன்றரை லட்சம் ரூபாய் தருகிறது. மீதியை மாநில அரசும் பயனாளியும் பங்கிடுகிறார்கள். பெருங்கட்டடம் எழுப்புவோரிடம் வசூலாகும் உறைவிடக் கட்டணமும் இன்று ஒரு நிதி ஊற்று. 2020-இல் உலக வங்கி மீண்டும் கடன் தர ஒப்புக்கொண்டது. 2021-இல் குடிசை மாற்று வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறியது. 1970-களின் சிதைந்த குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் கட்டும் பணி இப்போது நடக்கிறது. பராமரிப்புக்கு எந்தக் காலத்திலும் போதிய பணம் ஒதுக்கப்படாததால் வந்த செலவு அது. குடியிருப்போர் சங்கம் திரட்டும் தொகைக்கு இணையாக அரசும் தரும் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டம் இக்குறையை நிரப்ப வந்ததே.