நம் இளைஞர் எங்கே? திருச்சபை வரலாறு தரும் விடை



இந்த யூபிலி மலருக்காகப் பழைய நிழற்படங்களைத் தேடியபோது, பங்கின் பெரியவர் ஒருவர் தம் வீட்டுப் பெட்டியிலிருந்து சில படங்களைக் கொண்டு வந்தார். திருவிழாக் கொடியேற்றம், தேர்ப்பவனி, பந்தல் வேலை என எதைப் பார்த்தாலும் முன்வரிசையில் நிற்பவர்கள் வாலிபர்கள்தாம். அவற்றைக் காட்டிவிட்டு அவர், "சாமி, அப்போ கோயில் நெறைய பசங்க இருந்தாங்க. இப்போ எங்க சாமி போனாங்க?" என்று கேட்டார். அக்கேள்விக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. அதற்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

முதலில் நம் தவறு ஒன்றை ஒப்புக்கொள்வது முறை. நாம் இப்பங்கின் பொறுப்பை ஏற்ற புதிதில், ஞாயிறு மாலை நான்கு மணிக்கு இளைஞர் கூட்டம் என அறிவித்தோம். முதல் வாரம் ஒன்பது பேர் வந்தனர். நான்காம் வாரம் மூவர். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், செல்போனுக்கு நேரமுண்டு, ஆண்டவருக்கு நேரமில்லையா என்று கடிந்துகொண்டோம். சில நாட்களுக்குப் பின், விடியற்காலையில் ஒரு நோயாளிக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுத்துத் திரும்பும் வழியில், பேருந்து நிறுத்தத்தில் நம் பிள்ளைகள் நால்வரைக் கண்டோம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. கம்பெனி வண்டிக்காக அவர்கள் காத்திருந்தனர். அன்றும் ஞாயிறுதான். நம்மைக் கண்டதும் அவர்கள் தலைகுனிந்தனர். உண்மையில் தலைகுனிய வேண்டியவர்கள் நாமே.

தூரின் நகரத்துக் கொத்தனார் சிறுவர்

இளைஞரை ஆலயம் இழப்பது இன்று தோன்றிய துன்பமன்று. இத்தாலி நாட்டின் தூரின் நகரில் 1841-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், அமல உற்பவத் திருவிழா. புனித அசிசி பிரான்சிஸ் ஆலயச் சக்கிறீஸ்துவுக்குள் ஏழைச் சிறுவன் ஒருவன் நுழைந்தான். பூசைக்கு உதவத் தெரியாது என்றதும் கோயில்பிள்ளை அவனை அடித்து விரட்டினார். குருப்பட்டம் பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்த தொன் போஸ்கோ, அவன் தம் நண்பன் என்று கூறித் திரும்ப அழைத்தார். அவன் பெயர் பர்த்தலோமேயு கரெல்லி. வெளியூரிலிருந்து பிழைப்புத் தேடி வந்த, கொத்து வேலை செய்யும் அநாதைச் சிறுவன். எழுதத் தெரியுமா, படிக்கத் தெரியுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் தெரியாது என்றே சொன்னவன், சீழ்க்கை அடிக்கத் தெரியுமா என்று கேட்டதும் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பிலிருந்து வளர்ந்ததே சலேசிய சபையின் மாபெரும் இளைஞர் பணி.

அதற்குப் பின் தொன் போஸ்கோ செய்த இரண்டு காரியங்களை நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். முதலாவது, சிறுவர்கள் வேலை செய்த இடங்களுக்கு அவரே நடந்து சென்றார். 1850-களின் தொடக்கத்தில் முதலாளிகளோடு எழுத்து மூலமான ஒப்பந்தங்களைச் செய்துகொண்டார். பையனை அடிக்கலாகாது, தொழிலை ஒழுங்காகக் கற்பிக்க வேண்டும், ஞாயிறும் கடன் திருநாட்களும் அவனுக்கு ஓய்வு தரவேண்டும் என்பவை அவற்றின் நிபந்தனைகள். ஞாயிறு பூசைக்கு வா என்று பையனுக்குச் சொன்னவர், அவனை விடு என்று முதலாளிக்கும் சொன்னார்.

இரண்டாவது, அவர் சிறுவர்களிடமே பொறுப்பை ஒப்படைத்தார். அவரிடம் பயின்ற தோமினிக் சாவியோ, 1856-இல் தன் தோழர்களோடு அமல உற்பவ சபையைத் தொடங்கியபோது அவனுக்கு வயது பதினான்கு. அடுத்த ஆண்டே அவன் இறந்தான். 1954-இல் திருச்சபை அவனைப் புனிதன் என அறிவித்தது.

நம் தமிழகத்துக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. மயிலை ஆயராயிருந்த தெயோதோனியுஸ் தெ காஸ்ட்ரோ ஆண்டகையின் அழைப்பை ஏற்று, தொமாத்திஸ் அடிகளின் தலைமையில் 1906-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சலேசியக் குருக்கள் தஞ்சையில் கால்வைத்தனர். இந்தியாவில் அச்சபையின் முதல் இல்லம் அதுவே. அவர்கள் முதலில் ஏற்ற பணி, அநாதைச் சிறுவரைப் பேணி ஆளாக்குவது.

தோழரை இழந்த குருமாணவர்

பெல்ஜியம் நாட்டில் 1882-இல் ஒரு தொழிலாளிக் குடும்பத்தில் பிறந்தவர் ஜோசப் கார்டைன். அவர் குருமடம் சென்றார். உடன் படித்த தோழர்கள் ஆலை வேலைக்குச் சென்றனர். விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது, அதே தோழர்கள் அவரை அந்நியராகப் பார்த்தனர். கோயில் தங்களுக்குரியதன்று, பணக்காரருக்குரியது என அவர்கள் எண்ணியிருந்தனர். இது அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. 1903-இல் தம் தந்தையின் மரணப் படுக்கையருகே, தொழிலாளருக்காகவே வாழ்வதென அவர் உறுதி பூண்டார்.

1912-இல் லேக்கன் என்னும் பங்கில் உதவிக் குருவாகப் பணியேற்ற அவர், இளம் தொழிலாளரைத் தேடிச் சென்றார். அவர் முதன்முதலில் கூட்டியவர்களுள் தையல் வேலை செய்த பெண் பிள்ளைகளும் உண்டு. சிறு சிறு குழுக்களாக அமர்ந்து, தங்கள் வேலையிடத்தில் நடப்பதைக் கண்டு, அதை நற்செய்தியின் ஒளியில் சீர்தூக்கி, ஒரு சிறு செயலையாவது செய்வது என்ற முறையை அவர் பழக்கினார். பார், தீர்ப்பிடு, செயல்படு என்ற அம்முறையே இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தின் உயிர்மூச்சாயிற்று. 1925-இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் அவரைச் சந்தித்து இயக்கத்தை ஆசீர்வதித்தார். 1961-இல் பாப்பரசர் இருபத்து மூன்றாம் அருளப்பர், 'தாயும் ஆசிரியையும்' எனப் பொருள்படும் தம் சுற்றுமடலில், இம்மூன்று படிகளையும் திருச்சபை முழுமைக்கும் பரிந்துரைத்தார். இயக்கத்தைத் தொடங்க உதவிய தோனே, கார்சே என்னும் இருவரும் 1945-இல் தாக்காவு வதைமுகாமில் மாண்டனர். கார்டைன் 1965-இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டு, 1967-இல் ஆண்டவரில் துயில்கொண்டார்.

அதே 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பொதுநிலையினரின் அப்போஸ்தலப் பணி பற்றிய ஏட்டில், இளைஞருக்கு முதல் அப்போஸ்தலர் இளைஞரே என்று தெளிவாகப் போதித்தது. கார்டைன் நாற்பது ஆண்டுகளாக நடத்திக் காட்டியதைச் சங்கம் ஏட்டில் பொறித்தது என்றால் மிகையாகாது.

பூந்தமல்லியில் ஒலித்த குரல்

நம் ஊரிலிருந்து தொலைவில் இல்லாத பூந்தமல்லிக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 'ஐக்கஃப்' என்று மாணவர் அழைக்கும் அகில இந்திய கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் இயக்கத்துக்கு, பிரெஞ்சு நாட்டுச் சேசு சபைக் குருவான கார்ட்டி அடிகள் 1924-இல் வித்திட்டார். பின்னர் அதன் ஆன்ம குருவாய்ப் பல்லாண்டு விளங்கிய செராக் அடிகள், 1937-இல் இந்தியா வந்து, 2012-இல் சென்னையில் மறையும் வரை ஏழைகளுக்காகவே வாழ்ந்தவர். மாணவர்களைச் சேரிகளுக்கும் கிராமங்களுக்கும் அழைத்துச் சென்று அவர்களோடு சேர்ந்து உழைத்தவர் அவர்.

1970-இல் இவ்வியக்கத்தினர் பூந்தமல்லியில் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டனர். நீதியற்ற சமூக அமைப்பை மாற்றும் பணியில் ஒடுக்கப்பட்டோர் பக்கம் நிற்பதே தங்கள் கிறிஸ்தவக் கடமை என அதில் முடிவு செய்தனர். அம்முடிவை எடுத்தவர்கள் கல்லூரி மாணவர்கள் என்பதை நாம் மறக்கலாகாது. அதே பூந்தமல்லியில் திரு இருதயக் குருமடத்தில் பயின்ற நாட்களில், அவ்வறிக்கையை நாம் ஒரு பாடமாக மட்டுமே படித்தோம். அது இளைஞரின் குரல் என்பது அப்போது நம் புத்தியில் உறைக்கவில்லை.

தறியும் ஆலையும்

இனி நம் வாலாஜாபாத்தைப் பார்ப்போம். காஞ்சிப் பட்டில் கோர்வைப் புடவை நெய்ய ஒருவரால் ஆகாது என்பதை நெசவுக் குடும்பங்கள் நன்கறியும். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா. நெசவாளிக்குப் பக்கத்தில் ஓர் உதவியாள் இருந்தே தீர வேண்டும். நெடுங்காலம் அந்த உதவியாள் பள்ளிக்குப் போக வேண்டிய சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தது நம் பகுதியின் வேதனை. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2009-இல் கல்வி உரிமைச் சட்டமும் வந்தன. பிள்ளைகள் தறியை விட்டுப் பள்ளிக்குச் சென்றது, நாம் ஆண்டவருக்கு நன்றி கூறவேண்டிய மாற்றம்.

அதே காலத்தில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1990-களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை எழுந்தது. பின்னர் ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் ஆலைகளால் நிறைந்தன. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் இரவும் பகலும் கம்பெனி வண்டிகள் ஓடுகின்றன. 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலையில் வேலை பார்த்தவருள் பெரும்பகுதியினர் இளம் பெண்கள். 2014-இல் அவ்வாலை உற்பத்தியை நிறுத்தியபோது, இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத பிள்ளைகள் வேலையிழந்து நின்றனர். அந்நாளில் அவர்களோடு உட்கார்ந்து பேச எத்தனை பங்குகளில் ஆளிருந்தது?

பள்ளிப் பிள்ளைகளின் நிலையும் எளிதன்று. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிப்பவருக்கு ஞாயிறு காலையிலும் டியூஷன். வீட்டில் மதிப்பெண் பேச்சு, கையில் செல்போன். அக்கருவியைப் பழிப்பதால் பயனில்லை. 2006-இல் பதினைந்து வயதில் புற்றுநோயால் இறந்த கார்லோ அக்குதிஸ் என்ற இத்தாலியச் சிறுவன், நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து உலகறியச் செய்தது கணினியைக் கொண்டே. 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதர் என அறிவித்தார்.

யூபிலி கேட்கும் காரியம்

பேருந்து நிறுத்தத்தில் கண்ட நால்வருள் ஒருவனைப் பின்னொரு நாள் அழைத்து, மன்னிப்புக் கேட்டோம். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "சாமி, பந்தல் போட, சேர் தூக்க எங்களைக் கூப்பிடுறீங்க. கணக்கு பாக்க, முடிவெடுக்க யாரும் கூப்பிடறதில்லையே." தூரின் முதல் பூந்தமல்லி வரை வரலாறு கூறுவதைத்தான் அவன் ஒரே மூச்சில் கூறிவிட்டான். 2019-இல் வெளியான 'கிறிஸ்து வாழ்கிறார்' என்னும் மடலில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், இளைஞர் நாளைய திருச்சபை மட்டுமல்லர், இன்றைய திருச்சபையே என வலியுறுத்தியதன் பொருளும் அதுவே.

அதன் பின் கூட்ட நேரத்தை அவர்களே குறித்தனர். மாதம் இருமுறை, இரவு எட்டரை மணிக்கு, ஷிப்ட் முடிந்து வருவோருக்கு வசதியாக. இப்போது பதினோரு பேர் வருகின்றனர். பெருங்கூட்டமன்று, ஆனால் பேசுவது அவர்கள், கேட்பது நாம்.

இந்த யூபிலி ஆண்டில் பங்குப் பேரவையின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைத்துள்ளோம். இருபது வயதுக்குட்பட்ட இருவருக்கு, ஒரு பையனுக்கும் ஒரு பெண்ணுக்கும், பேரவையில் முழு உரிமையுள்ள இடம் தரவேண்டும். திருவிழாச் செலவில் ஒரு பகுதியை இளைஞரே திட்டமிட்டுச் செலவிட்டு, கணக்கு ஒப்படைக்க விடவேண்டும். அவர்கள் தவறு செய்யக்கூடும் எனச் சிலர் அஞ்சுவர். நாம் செய்யாத தவறா?

ஐயாயிரம் பேர் பசித்திருந்த இடத்தில் ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் வைத்திருந்தவன் ஒரு சிறுவன். அவை எம்மாத்திரம் என்று அப்போஸ்தலரே ஐயுற்றனர். ஆண்டவரோ ஐயுறவில்லை, அவற்றை வாங்கி, நன்றி கூறிப் பகிர்ந்தார். நம் பிள்ளைகளின் கையிலும் ஏதோ இருக்கிறது. அதை நாம் கேட்டு வாங்குவோமாக. அடுத்த யூபிலி மலரில் பழைய படங்களைத் தேடுபவர், இன்றைய படங்களின் முன்வரிசையிலும் வாலிபரைக் காணும்படி இறைவன் அருள்வாராக.

கிறிஸ்துவில் உங்கள் அன்புள்ள,
பங்குத் தந்தை,
வாலாஜாபாத்.