பெரிய அந்தமான் மொழிகள்

வங்கக் கடலில் உள்ள அந்தமான் தீவுகளின் வடக்கு, நடு, தெற்குப் பகுதிகளில் ஒரு காலத்தில் வழங்கிய பத்து மொழிகளின் குடும்பம் இது. அகா-பேயா, அகா-போ, ஜெரு, சாரே, கோரா ஆகியவை அவற்றுள் சில. திராவிடம், இந்தோ-ஆரியம் என நாம் அறிந்த எந்தக் குடும்பத்தோடும் இவற்றுக்கு உறவு இருப்பதாக நிறுவப்படவில்லை. அண்டையிலேயே வாழும் ஓங்கே, ஜாரவா மக்களின் மொழிகளைக்கூட அறிஞர் பலர் வேறு குடும்பமாகவே கொள்கின்றனர்.

இம்மொழிகளின் இலக்கணம் மனித உடலின் மேல் கட்டப்பட்டது. உடலை ஏழு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னொட்டு வைத்திருந்தனர். வாய்க்கு ஒன்று, கை விரல்களுக்கு வேறொன்று, உள்ளுறுப்புகளுக்கு மற்றொன்று. உறுப்புகளின் பெயரோடு அவை நிற்கவில்லை. வினைச்சொல்லிலும் பெயரடையிலும் ஏறி, செயல் உடலின் எந்தப் பகுதியைச் சார்ந்தது என்பதையும் சொல்லின. மொழியியலாளர் அன்விதா அப்பி இதை விரிவாக ஆராய்ந்து 2013இல் இலக்கண நூலாக வெளியிட்டார். மனித மனம் இப்படியும் ஒரு மொழியைக் கட்டமுடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இம்மொழிகளின் அழிவுக்கு நாள் குறிக்கலாம். 1857 எழுச்சியில் பிடிபட்டவர்களை அடைக்க, 1858 மார்ச்சில் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியேற்றத்தைத் தொடங்கினர். காடு வெட்டப்பட்டது. எதிர்த்து நின்ற தீவு மக்கள் 1859இல் அபர்டீன் சண்டையில் தோற்றனர். பிறகு ‘அந்தமான் இல்லங்கள்’ என்ற பெயரிலான விடுதிகளில் ஆங்கிலேயர் அவர்களைக் கொண்டுவந்து தங்கவைத்தனர். அங்கே பிறந்த குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதே அரிதாயிற்று. மேகநோய் பரவியது; 1877இல் தட்டம்மை பலரை வாரிக்கொண்டு போனது.

சில ஆயிரம் பேராக இருந்தவர்கள் 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961இல் 19 பேர்.

தாய்மொழியை விட்டுவிட்டு வேறு மொழிக்கு மாறிய கதையாக இதைச் சொல்வது நியாயமாகாது. இங்கே மொழிக்கு முன்பே மனிதர்கள் போய்விட்டார்கள். எஞ்சிய சிலர் வெவ்வேறு குலத்தினர். ஒருவர் பேச்சு மற்றவருக்கு முழுதாய் விளங்காத நிலையில் ஒன்றாக வாழ நேர்ந்தது. ஜெருவை அடிப்படையாகக் கொண்டு ஒரு கலப்பு மொழி அவர்களிடையே உருவானது. 1970 வாக்கில் அரசு அவர்களை ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்திய பிறகு, அந்தக் கலப்பு மொழியின் இடத்தையும் இந்தி பிடித்தது.

அகா-போ மொழியின் கடைசிப் பேச்சாளரான மூதாட்டி போவா, 2010 ஜனவரி 26 அன்று ஏறத்தாழ 85 வயதில் காலமானார். தம் மொழியில் மறுமொழி சொல்ல ஒருவரும் இல்லாமலே அவருடைய கடைசி ஆண்டுகள் கழிந்தன. பறவைகளோடு அவர் பேசிக்கொண்டிருந்ததை அப்பி பதிவுசெய்திருக்கிறார். சாரே மொழியின் கடைசிப் பேச்சாளர் லிச்சோ 2020 ஏப்ரலில் மறைந்தார்.

ஆவணப் பணிக்கு வந்த அப்பியிடம் நாவ் ஜூனியர் என்ற கதைசொல்லி, முதல் மனிதன் பெர்தஜிடோவின் கதையைத் துண்டு துண்டாக நினைவுகூர்ந்து சொன்னார். கேட்பார் இல்லாமல் பல பத்தாண்டுகளாக அவர் சொல்லாதிருந்த கதை அது. 2009இல் அவர் இறந்தார். அக்கதையோடு, மற்றவர்களிடம் கேட்ட பாடல்களையும் சேர்த்து அப்பி 2021இல் நூலாக்கினார்.