ஓட்டமும் இரைப்பும்: தாம்பரம் வழியாக ஒரு மருத்துவ வரலாறு

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பெயர் தந்த காசநோய் மருத்துவமனையை 1928இல் 12 படுக்கைகளோடு தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் மலைப் பகுதியில் அவர் நடத்திய சானடோரியத்தில்தான் 1917இல் கணிதமேதை இராமானுஜன் சில காலம் சிகிச்சை பெற்றார். திறந்த ஜன்னல், சத்துணவு, ஓய்வு. மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் நுரையீரலுக்கு வைத்தியம் பெரும்பாலும் அவ்வளவுதான். 1937இல் அரசு ஏற்றுக்கொண்ட அந்த இடம் இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

ஓய்வின் மீதான அந்த நம்பிக்கையை அசைத்ததும் இதே சென்னைதான். 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு, நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தது. வீட்டிலிருந்தவர்களுக்கு ஓய்வும் குறைவு, ஊட்டமும் குறைவு. ஆனாலும் 1959இல் முடிவு வெளிவந்தபோது இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமாகியிருந்தன. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட இது ஒரு முக்கியக் காரணம்.

காசநோய் விஷயத்தில் ஓய்வு தோற்றது. இரைப்பு விஷயத்தில் அது இன்னும் தோற்கவில்லை. “பிள்ளைக்கு வீசிங் இருக்கு, ஓட விடாதீங்க சார்” என்று பி.டி. வாத்தியாரிடம் சொல்லும் பெற்றோர் சேலையூரிலும் உண்டு, குரோம்பேட்டையிலும் உண்டு. அந்தப் பயத்துக்கு வயது அதிகம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் அரிட்டீயஸ், ஓட்டத்தாலோ கடும் வேலையாலோ மூச்சு திணறுவதை ஆஸ்துமாவின் அடையாளமாகவே எழுதிவைத்தார். 1698இல் ஜான் ஃப்ளாயரும் 1860இல் ஹைட் சால்ட்டரும் அதைத் தொட்டார்கள். ஆனால் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும்தான் அவர்களிடம் இருந்த ஆதாரம்.

அளக்கும் கருவி வந்த பிறகே கதை மாறியது. ஊதும் காற்றில் முதல் நொடிக்குள் எவ்வளவு வெளியேறுகிறது என்பதைக் கணக்கிடும் முறையை 1947இல் பிரான்சின் டிஃப்னோ முன்வைத்தார். 1962இல் ஆர்.எஸ். ஜோன்ஸும் உடனிருந்தவர்களும் ஆஸ்துமா உள்ள குழந்தைகளை ஓடவைத்து அளந்தார்கள். ஓரிரு நிமிட ஓட்டம் மூச்சுக்குழாயை விரிக்கிறது. பத்து நிமிட அளவுக்கு நீண்டால், ஓட்டத்தை நிறுத்திய பிறகு சுருக்குகிறது. நிறுத்திய பிறகு என்பதுதான் இங்கே முக்கியம். மைதானத்தில் ஓடும்போது சமாளித்துவிட்டு, தண்ணீர்க் குழாயடியில் நிற்கும்போது இருமும் பையனைப் ‘பழக்கம் போதாது’ என்று தள்ளிவிடுகிறோம். ஒருமுறை இரைப்பு வந்து தணிந்தால் அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பலருக்கு அது அவ்வளவு கடுமையாக வருவதில்லை. நல்ல வார்ம்-அப் உதவுவதற்கு இது ஒரு காரணம்.

1971இல் ஆஸ்திரேலியாவின் ஃபிட்ச்சும் மார்ட்டனும் ஒரு புதிர் போட்டார்கள்: ஓட்டமும் சைக்கிளும் இரைப்பைத் தூண்டும் அளவுக்கு நீச்சல் தூண்டவில்லை. ஏன்? மூச்சுக்குழாய் குளிர்வதும் பின்னர் சூடேறுவதுமே காரணம் என்றார் அமெரிக்காவின் மெக்ஃபேடன். குழாயின் உட்பரப்பு ஈரம் இழந்து உலர்வதே காரணம் என்றார் சிட்னியின் சாண்ட்ரா ஆண்டர்சன். இன்று இரண்டாவது விளக்கத்துக்கே எடை அதிகம். நீச்சல்காரர் சுவாசிப்பது தண்ணீரை ஒட்டிய ஈரக் காற்று. 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்ட வேளச்சேரி நீச்சல் வளாகம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நல்ல இடம்தான். குளோரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை தேவை.

விளையாட்டுலகம் இதைக் கற்றுக்கொண்ட விதம் கொடுமையானது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்ற 16 வயது ரிக் டிமான்ட், தன் ஆஸ்துமா மருந்தில் இருந்த எபெட்ரினால் பதக்கத்தை இழந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து லாஸ் ஏஞ்சலஸில் 597 அமெரிக்க வீரர்களில் 67 பேருக்கு உடற்பயிற்சி இரைப்பு இருந்தது. அவர்கள் மட்டும் 41 பதக்கங்கள் வென்றார்கள். ‘ஓடாதே’ என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

தென்சென்னையில் சிக்கல் வேறு. உடற்பயிற்சி இரைப்பை உறுதிசெய்யும் சோதனைக்கு உலர்ந்த காற்று வேண்டும்: ஆறு முதல் எட்டு நிமிட ஓட்டம், இதயத் துடிப்பு உச்ச அளவில் 80 முதல் 90 சதவீதம், மூக்குக்கு கிளிப், பிறகு அரை மணி நேரம் வரை திரும்பத் திரும்ப ஊதல். முதல் நொடிக் காற்று 10 சதவீதமாவது குறைந்தால் நோய் உறுதி. கடற்காற்றின் ஈரத்தில் தாம்பரத்து மைதானத்தில் ஓடவைத்தால், குளிரூட்டிய பேட்மிண்டன் அரங்கில் திணறும் அதே பிள்ளை ஒன்றுமில்லாமல் தப்பிவிடலாம். உட்கார்ந்தபடி எடுத்த ஸ்பைரோமெட்ரி இயல்பாக இருப்பதும் விடுதலைச் சான்றிதழ் அல்ல. போகிப் புகையும் 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு எரிந்தது போன்ற நாட்களும் ஏற்கெனவே எரிச்சலில் உள்ள குழாயை மேலும் தூண்டும்.

உறுதியானால் பயிற்சிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன் எடுக்கும் சால்புட்டமால் பெரும்பாலும் போதும். ஆனால் அதுவே தினசரிப் பழக்கமானால், உறிஞ்சும் ஸ்டீராய்டு தேவையா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். ஆஸ்துமா நோயாளிகளைச் சால்புட்டமாலை மட்டும் நம்பியிருக்க விட வேண்டாம் என்று சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுதலான ‘ஜினா’ 2019இல் சொல்லிவிட்டது. இன்ஹேலருக்கு அசையாத மூச்சுத்திணறலும் உண்டு. உச்ச வேகத்திலேயே வந்து, மூச்சை உள்ளிழுக்கும்போது தொண்டையில் சத்தம் எழுந்து, நின்ற சில நிமிடங்களில் மறைந்தால் அது பெரும்பாலும் குரல்நாண் கோளாறு. அதற்கு இன்ஹேலர் வேலை செய்யாது. மூச்சுப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியாளரும் வேண்டும்.