உழக்கும் மரக்காலும்

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்னுங் காட்சிச்சாலை யொன்றுளது. 1984-இல் தோன்றிய மதராஸ் கிராப்ட் பவுண்டேஷன் என்னும் ஸ்தாபனத்தார் 1996-இல் இதனைத் திறந்தனர். தென்னாட்டு ஊர்களில் இடிபடவிருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, தூண் வேறு கதவு வேறாகப் பிரித்துக் கொணர்ந்து, மரபறிந்த தொழிலாளரைக் கொண்டு மீண்டும் நிறுவியுள்ளனர். நமது செட்டிநாட்டு வீடும் ஆங்குண்டு. அதனைக் கண்டு நம்மவர் பெருமிதங் கொள்வது இயல்பே. ஆயினும், சென்றிருந்த நம் கருத்தைக் கவர்ந்தவை, அதே வளாகத்தில் அவ்வீட்டோடு ஒப்ப நிற்கும் உழவர், குயவர், நெசவாளர் இல்லங்களேயாம்.

நம் முன்னோர் பர்மாத் தேக்கைக் கடல் கடந்து கொணர்ந்ததை ஓயாது பேசுகின்றோம். அதனை இழைத்த தச்சர் யாவர்? சுண்ணாம்பொடு கடுக்காயும் முட்டை வெண்கருவும் சேர்த்துச் சுவரைப் பளிங்குபோற் பூசியவர் யாவர்? கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவை வார்த்து ஆத்தங்குடித் தளக்கல் சமைத்தவர் யாவர்? கண்மாய் நீரை நம்பி உழுது நம் களஞ்சியத்தில் நெல் அளந்தவர் யாவர்? காசுக் கணக்கில் இம்மியும் பிசகாத நாம், இவர்தம் பெயரைப் பேணினோமில்லை.

அளவைகளையே எடுத்துக்கொள்வோம். 2 ஆழாக்கு 1 உழக்கு. 2 உழக்கு 1 உரி. 2 உரி 1 படி. 8 படி 1 மரக்கால். 12 மரக்கால் 1 கலம். மரக்காலின் கொள்ளளவு ஊர்தோறும் வேறுபட்டமையால் எழுந்த வழக்குகளும் பல! 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது. மரக்கால் மூலை சேர்ந்தது. அண்மையில் வகுப்பிற் பித்தளை உழக்கொன்றைக் காட்டினோம். “பேனா வைக்குங் குவளையா, ஐயா?” என வினவினான் ஒரு மாணவன். அவன் நகரத்தார் வீட்டுப் பிள்ளையே.

பாகப்பிரிவினை முடிந்ததும் இத்தகைய பொருள்கள் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளை அடைகின்றன. விற்பதை நாம் குறைகூறோம்; பங்காளிகள் பலராயின் வேறென் செய்வது? ஆனால் பெயரும் ஊரும் பயனும் அறியப்படாது போன பொருளை எக்காட்சிச்சாலை வாங்கினும், அஃது அலங்காரமே யன்றிச் சரித்திரமாகாது.

கண்டாங்கிச் சேலைக்கு 2019-இற் புவிசார் குறியீடு கிடைத்தது. பனையோலைக் கொட்டானும் அப்பெருமை பெற்றுளது. கலப்பைக்கும் ஏற்றத்திற்கும் அவ்வாறு வாதாடுவார் இலர்.

ஆதலின் அன்பர்களே, வீட்டைப் பிரிக்குமுன் அறைகளைத் திறந்து, ஆச்சிமாரை அருகிருத்தி, ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், பயன், செய்த ஊர் ஆகியவற்றை ஒரு நோட்டிற் குறித்திடுக. நாமும் எம் இல்லத்தில் தொடங்கியுள்ளோம். உக்கிராண அறையிற் கிடந்த மரக்கருவி யொன்றினுக்கு எம் தாயாரும் பெயர் சொல்லக்கூடவில்லை.