இட உடைமையாளர் பொறுப்பு

இட உடைமையாளர் பொறுப்பு என்பது, பிறர் இடத்தில் பராமரிப்புக் குறையால் காயமுற்றவர் இழப்பீடு கோர வழிசெய்யும் தீங்கியல் சட்டக் கோட்பாடு. அழைக்கப்பட்டவர், அனுமதி பெற்றவர், அத்துமீறி நுழைந்தவர் என வருவோருக்கேற்ப உடைமையாளரின் கடமை மாறும். இங்கிலாந்து 1957இல் இதற்குச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் தனிச்சட்டம் இல்லை, நீதிமன்றத் தீர்ப்புகளே வழிகாட்டுகின்றன.

டெல்லி சாந்தினி சவுக் மணிக்கூண்டு இடிந்த வழக்கில், சாலையோரக் கட்டடத்தின் மறைவான பழுதுக்கும் உரிமையாளரே பொறுப்பு என 1966இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கட்டணம் செலுத்தி வருவோருக்கு நுகர்வோர் சட்டமும் வழி தருகிறது. எடுத்துக்காட்டாக, கோவளம் கடற்கரை விடுதியொன்றின் நீச்சல்குள ஓரத்தில் வழுக்கி விழுந்த கட்டண விருந்தினர், சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். மருத்துவ ரசீது, நிழற்படம், தங்கியதற்கான ரசீது ஆகியவை சான்றாகும். காயமுற்றவரின் கவனக்குறைவும் நிறுவப்பட்டால் இழப்பீடு குறையும்.